முன்னாள் மாணவ மருத்துவர்களுக்குப் பாராட்டு விழா: நீலகிரிக் கல்லூரிகளுக்கான செய்முறை

மண்டபம், பொன்னாடை, சாப்பாடு மூன்றையும் முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிட்டு, யாருக்கு விருது என்பதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளுவது முன்னாள் மாணவர் சங்கங்களின் பொது வழக்கம். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். ஆறு மாத அவகாசம் இருந்தால் முதல் மூன்று மாதம் ஆளைத் தேடவும் சரிபார்க்கவும், நான்காவது மாதம் பாராட்டு மடல் எழுதவும் போகட்டும். விழாவுக்குக் கடைசி இரண்டு மாதம் தாராளம். மண்டபத்தை ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம். 1971இல் ஓராண்டு மட்டும் படித்துவிட்டுப் போனவரின் சேர்க்கைப் பதிவை ஒரு வாரத்தில் பிடிக்க முடியாது.

கலைக் கல்லூரிக்கு ஏது டாக்டர்?

முதல் கூட்டத்தில் யாராவது இதைக் கேட்பார்கள். நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அங்கே படித்து, முப்பது வருடம் பணி செய்து, பாராட்டு வாங்கும் டாக்டர் இனிமேல்தான் வர வேண்டும். மலையிலிருந்து போன மூத்த தலைமுறை டாக்டர்கள் வந்த வழி வேறு. 1978இல் பள்ளிகளில் பிளஸ் டூ வரும்வரை, எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் ஏதாவது ஒரு கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. (புகுமுக வகுப்பு) படித்த பிறகுதான் எம்.பி.பி.எஸ். சேர முடிந்தது. இன்னும் சிலர் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு மருத்துவத்துக்குப் போனார்கள்.

அவர்களை முன்னாள் மாணவர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டுத்தான் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்குப் போனார். முத்துலட்சுமி ரெட்டிக்குச் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முன்னால் புதுக்கோட்டை மன்னர் கல்லூரி இருந்தது. 1955இல் தொடங்கிய, ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் சல்லிவனின் கல் பங்களாவைத் தன் வளாகத்தில் வைத்திருக்கிற உதகை அரசு கலைக் கல்லூரிக்கும், மலையிலுள்ள மற்றப் பழைய கல்லூரிகளுக்கும் அதே உரிமை உண்டு.

சிக்கல் என்னவென்றால், சங்கங்களின் உறுப்பினர் பட்டியல் பெரும்பாலும் பட்டம் பெற்றோர் பட்டியலை வைத்துத் தயாரானது. ஓராண்டு படித்தவர் அதில் இருக்க மாட்டார். அவரைத் தேட வேண்டிய இடங்கள் இவை: சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தின் அடிக்கட்டை, கல்லூரி ஆண்டு மலர், வகுப்பு குரூப் போட்டோ. அடிக்கட்டைதான் பொக்கிஷம். ‘விலகும் காரணம்’ என்ற கட்டத்தில் மருத்துவப் படிப்பில் சேர்வதாக எழுதியிருந்தால் வேலை பாதி முடிந்தது. டி.சி. வாங்கும் மாதமும் ஒரு துப்பு. தேர்வு முடிவு வந்து மற்றவர்கள் வாங்கிப்போன பிறகு, தனியாக ஒருவர் வாங்கியிருந்தால் அந்தப் பெயரைக் குறித்து வையுங்கள்.

ஊட்டி, குன்னூர் ஈரத்தில் பழைய பதிவேட்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். கையால் பிரித்தால் மை ஒரு பக்கத்தோடு போய்விடும். வெயிலில் வைத்தால் தாள் நெளிந்து அட்டை பிளக்கும். ஜனவரி, பிப்ரவரியில் வறண்ட நாளாகப் பார்த்து, நிழலில் விரித்து, இரண்டு மூன்று நாள் காற்றாட விட்டபின் முயலுங்கள். ஃபிளாஷ் போடாமல் ஜன்னலோரம் வைத்துக் கைபேசியில் படம் எடுத்தால் போதும். கல்லூரி முதல்வரின் எழுத்து அனுமதி இல்லாமல் பதிவேட்டை அறையை விட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள்.

யாரைச் சேர்ப்பது

‘மருத்துவத் துறை’ என்றதும் டாக்டர்களோடு பட்டியல் நின்றுவிடுகிறது. மலையில் அது நியாயமில்லை. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்குகிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பெயர்போன இடம். அங்கே ஆய்வகத்தில் பணிக்காலம் முழுதும் உழைத்த ஒரு விலங்கியல் பட்டதாரி இந்த விருதுக்கு முழுத் தகுதி உடையவர். கிராம சுகாதார செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், எஸ்டேட் மருத்துவமனையில் பிரசவம் பார்த்த செவிலியர் எல்லோருக்கும் இடம் வையுங்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட் நிர்வாகம் மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தை நடைமுறையில் தாங்கியவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத செவிலியர்களும் கம்பவுண்டர்களும்தான்.

சேவை எது, பதவி எது என்பதை முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும். டீன், இணை இயக்குநர் என்று பதவி வகித்ததற்கே மதிப்பெண் கொடுத்தால், பந்தலூரிலேயே பணிக்காலத்தைக் கழித்தவர் எப்போதும் தோற்பார். 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் இப்படிப் பிரிக்கலாம்: வசதி குறைந்த இடத்தில் அல்லது மக்களிடையே செய்த பணிக்கு 40, தொழில்திறனுக்கும் ஆய்வுக்கும் 25, பிறரைப் பயிற்றுவித்ததற்கு 20, மலையோடு விடாத தொடர்புக்கு 15. கடைசி 15ஐ இதற்கு மேல் ஏற்றாதீர்கள். ஏற்றினால் விருது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

அந்த 40க்கு என்ன கணக்கு? உதாரணத்துக்கு அரிவாள் செல் ரத்தசோகை. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்தபோதுதான் இந்தக் குறைபாடு இந்தியாவில் இருப்பது முதலில் பதிவானது. பனியர், இருளர், குறும்பர் குடியிருப்புகளில் ரத்தம் எடுத்து, பதிவேடு வைத்து, மாத்திரை நிற்காமல் பார்த்துக்கொண்ட ஒருவரின் பத்து வருட வேலை, நூறு ஒருநாள் முகாம்களைவிடப் பெரியது. ‘எத்தனை முகாம்’ என்று கேட்காமல், ‘அதே ஊருக்குத் திரும்பத் திரும்ப எத்தனை வருடம் போனார்’ என்று கேளுங்கள்.

குழுவில் ஐந்து பேர் போதும்: கல்லூரி முதல்வரின் பிரதிநிதி, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், வெவ்வேறு பத்தாண்டுகளில் படித்த முன்னாள் மாணவர் இருவர், இந்தக் கல்லூரியில் படிக்காத மருத்துவர் ஒருவர். மலையில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. அதனால் ‘உறவினர் பெயர் வந்தால் அந்தப் பரிந்துரையில் வாக்களிக்க மாட்டேன்’ என்று குழு கூடும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெயர்கள் வந்த பிறகு கேட்டால் அது குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்ததுபோல் ஆகிவிடும். சீமைக்கு (படுகர் ஊர்களின் பிரிவு) ஒருவர், வட்டத்துக்கு ஒருவர் என்று விருதைப் பங்கிடச் சொல்லி அழுத்தம் வரும். பங்கீடு வேண்டுமானால் குழுவில் வையுங்கள், விருதில் வேண்டாம்.

ஆண்டுக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். மூவர் என்றால் இன்னும் நல்லது. பதினைந்து பேரை ஒரே மேடையில் ஏற்றினால் யாருடைய வேலையும் யாருக்கும் நினைவில் நிற்காது.

பரிந்துரைப் படிவமும் சரிபார்ப்பும்

படிவம் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கல்லூரியில் படித்த ஆண்டும் பிரிவும், மருத்துவப் படிப்பு எங்கே எப்போது, பதிவு எண், பணியிடங்கள் ஆண்டுவாரியாக, செய்த முக்கியமான மூன்று காரியங்கள், அவற்றுக்குச் சாட்சி சொல்லக்கூடிய இருவர். இவ்வளவுதான். ‘சாதனைகள்’ என்று பெரிய வெற்றுக் கட்டம் கொடுத்தால் புகழ்மாலைதான் வந்து சேரும். ‘எந்த ஊரில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன செய்தார்’ என்று மூன்று சிறு கட்டமாகப் பிரித்தால் தகவல் வரும்.

சரிபார்ப்பில் ஆண்டுகளே பாதிப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். கோவை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1966இல். ‘1963இல் கோவையில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்’ என்று படிவத்தில் இருந்தால் ஆண்டோ ஊரோ தவறு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது 1988இல். அதற்கு முன் பட்டம் வாங்கியவரின் பட்டத்தில் அந்தப் பெயர் இருக்க வழியில்லை. பாரதியார் பல்கலைக்கழகம் உருவானது 1982இல். அதற்கு முந்தைய நீலகிரி மாணவரின் பி.யூ.சி. சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம்தான் இருக்கும். இப்படி ஒரு தவறு இருப்பதால் மட்டும் யாரையும் நிராகரிக்க வேண்டாம். பெரும்பாலும் பேரனோ மருமகளோ நினைவிலிருந்து எழுதியதாக இருக்கும். கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவையும், செவிலியர் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் பதிவையும் பாருங்கள். வேறு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ பதிவு செய்தவருக்கு அந்த ஊர்ப் பதிவேடு. கவுன்சில் நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லையா என்பதையும் நாசூக்காக அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. அழைப்பிதழ் அச்சான பிறகு செய்தித்தாளில் படிப்பதைவிட அது மேல்.

பட்டங்களை உயர்த்தாதீர்கள். பழைய எல்.எம்.பி. (பட்டம் அல்ல, உரிமச் சான்று) மருத்துவரை எம்.பி.பி.எஸ். ஆக்குவதும், டி.சி.எச். (குழந்தை நலப் பட்டயம்) படித்தவரை எம்.டி. ஆக்குவதும் மரியாதை ஆகாது. அவர் படித்த படிப்பை மறைக்கும் வேலை. இன்னொன்று பத்ம விருது. அது பட்டம் அல்ல, பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டக் கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘பத்மஸ்ரீ டாக்டர் இன்னார்’ என்று அழைப்பிதழில் போடாதீர்கள். ‘இன்ன ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர்’ என்று மடலின் உள்ளே எழுதலாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான சொல் ‘முதல்’. மாவட்டத்தின் முதல் பெண் மருத்துவர், சமுதாயத்தின் முதல் அறுவை நிபுணர் என்று எழுதிவிட்டால், விழா முடிந்த மறுவாரம் வேறொரு குடும்பம் பழைய போட்டோவோடு வந்து நிற்கும். இரண்டு தனித்தனி ஆதாரம் இல்லாமல் அந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம்.

சம்மதமும் அனுமதியும்

தேர்வான செய்தியை முதலில் தொலைபேசியில் சொல்லி, வாய்ச் சம்மதம் கிடைத்த பிறகு கடிதம் அனுப்புங்கள். வாட்ஸப் குழுவில் பெயரை முதலில் போட்டுவிட்டு அப்புறம் அவரைக் கேட்பது அவமரியாதை. அவர் மறுத்தால் சங்கத்துக்கும் சங்கடம்.

அரசுப் பணியில் இருப்பவருக்குக் கூடுதல் வேலை ஒன்று உண்டு. தன்னைப் பாராட்டி நடக்கும் கூட்டத்தில் கலந்துகொள்ள அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி அவர் மேலிடத்தில் முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அனுமதிக் கோப்பு நகர நேரமாகும். ஆகவே அழைப்புக் கடிதத்தை 45 நாள் முன்பே, கல்லூரி முகப்புத்தாளில், முதல்வர் கையெழுத்தோடு அனுப்புங்கள். பரிசில் பணமுடிப்பு இல்லை, பெறுமதி இவ்வளவு என்று அதிலேயே எழுதிவிட்டால் கோப்பு சீக்கிரம் நகரும்.

மறைந்தவருக்கு விருது என்றால், மேடையில் யார் வாங்குவது என்பதைக் குடும்பமே முடிவு செய்து எழுதித் தரட்டும். அன்றைக்கு மூன்று பேர் படியேறுவதும், ஒருவர் கோபித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பதும் அப்போதுதான் நடக்காது.

பாராட்டு மடல்

விழாவில் மிஞ்சப்போவது இதுதான். சால்வை பீரோவுக்குள் போகும், சாப்பாடு மறந்துபோகும். மடல் அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் முப்பது வருடம் தொங்கும். இருந்தும் முந்தின நாள் இரவு பத்து மணிக்குத்தான் பெரும்பாலும் எழுதப்படுகிறது.

நீளம் 150 சொல். நிதானமாக வாசித்தால் ஒன்றரை நிமிடம். 300 சொல் ஆனால் கூட்டம் பேச ஆரம்பித்துவிடும். நான்கு துண்டாக யோசியுங்கள்: இந்தக் கல்லூரியில் எப்போது என்ன படித்தார், பிறகு எங்கே எதைக் கற்றார், எங்கே என்ன செய்தார், அதனால் என்ன மாறியது. மூன்றாவது துண்டுக்குப் பாதி இடம் கொடுங்கள். உவமை, அடைமொழி எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். ‘மருத்துவ உலகின் மாணிக்கம்’, ‘கைராசிக்காரர்’, ‘ஏழைகளின் தெய்வம்’ என்பவை எந்த டாக்டருக்கும் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துகிற வரி இவரைப் பற்றியது அல்ல.

ஒரு மாதிரி, ஆளும் விவரமும் கற்பனை:

“1973-74இல் இந்தக் கல்லூரியில் பி.யூ.சி. பயின்றார். கோவை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, குழந்தை நலத்தில் பட்டயம் பெற்றார். 1983 முதல் 2009 வரை கூடலூர், பந்தலூர்ப் பகுதி அரசு மருத்துவமனைகளில் பணியாற்றினார். அதில் பதினொரு ஆண்டுகள் அவர் ஒருவரே அந்தப் பகுதியின் குழந்தை மருத்துவர். தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் தாய்மார்களுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார். இரவில் வண்டி கிடைக்காத ஊர்களுக்கு மருந்துப் பெட்டி வைத்து, அதைக் கையாள ஊருக்கு ஒரு பெண்ணைப் பயிற்றுவித்தார். அப்படிப் பயின்றவர்களில் நால்வர் பின்னாளில் கிராம சுகாதார செவிலியர் ஆனார்கள். அவருடைய பணிக்காக இக்கல்லூரி இந்த மடலை வழங்குகிறது.”

இதில் ஓர் அடைமொழி இல்லை. ஆனாலும் யாரைப் பற்றி என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

எண்ணிக்கைகளில் கவனம் வேண்டும். ‘லட்சம் அறுவை சிகிச்சை’ என்று யாராவது எழுதித் தந்தால் வகுத்துப் பாருங்கள். முப்பது வருடம், வருடத்துக்கு 300 வேலைநாள் என்றால் 9,000 நாள். நாளுக்குப் பதினொன்றுக்கு மேல் வருகிறது. கண்புரை நிபுணருக்கு அது நடக்கக்கூடியது. பொது அறுவை நிபுணருக்கு நம்ப முடியாது.

மடல் விளம்பரமாகிவிடவும் கூடாது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள் மருத்துவர் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வதைத் தடுக்கின்றன. கிளினிக் முகவரி, போன் நம்பர், ஆலோசனை நேரம், ‘நூறு சதவீதம் குணம்’ போன்றவை மடலிலோ மலரிலோ பேனரிலோ வந்தால் சிக்கல் சங்கத்துக்கு அல்ல, கௌரவம் பெற்றவருக்கு. அதே விதிகள் நோயாளியின் ரகசியத்தையும் காக்கச் சொல்கின்றன. ‘இவர் காப்பாற்றிய குழந்தை இதோ’ என்று ஒருவரை மேடையேற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். அந்த நோயாளியே பேச விரும்பினால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மனநோய், காசநோய், மகப்பேறு சம்பந்தப்பட்டது என்றால் சம்மதம் இருந்தாலும் வேண்டாம்.

எழுதி முடித்ததும் அவருக்கே அனுப்பி, பிழை பார்த்துக் கையெழுத்திட்டுத் திரும்ப வாங்குங்கள். பெயரை அவரே தமிழில் எழுதித் தரட்டும். படுகர் பெயர்களிலும் மலையாளப் பெயர்களிலும் ஹ, ஜ, க்ஷ எங்கே வரும் என்பது அவரவர் வழக்கம். அச்சகத்தில் ஊகிக்க விட்டால் தவறாகத்தான் வரும். முதலெழுத்து ஹட்டியின் (படுகர் ஊரின்) பெயரா, அப்பா பெயரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலை ஈரத்துக்குத் தாங்கும் நினைவுப் பரிசு

சமவெளியில் வாங்கும் கேடயம் இங்கே இரண்டு மழைக்காலம் தாண்டாது. அமுக்கிய மரத்தூள் பலகையில் செய்தது ஓரத்தில் ஊதி, மேலொட்டிய படலம் உரியும். பித்தளைத் தகடு கறுக்கும். பசையால் ஒட்டிய எழுத்து ஒவ்வொன்றாக விழும்; ‘டாக்டர்’ விழுந்து பெயர் மட்டும் நிற்கும். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிலோ கருங்கல் வில்லையிலோ செதுக்கிய எழுத்துதான் நிற்கும். மடலைக் கண்ணாடிச் சட்டம் போடும்போது, தாள் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். தொட்டால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். பின்பக்கம் முழுதாக டேப் ஒட்டி அடைப்பதும் அதே வம்புதான்.

சால்வை விஷயத்தில் ஜிகினாப் பொன்னாடை குளிருக்கும் உதவாது, கட்டிக்கொள்ளவும் உதவாது. கம்பளிச் சால்வை வாங்கலாம். தோடர் பூவேலை செய்த துணி தர விரும்பினால் (2013இல் புவிசார் குறியீடு பெற்றது) நான்கு மாதம் முன்பே தோடப் பெண்களிடம் நேரில் சொல்லிவையுங்கள். முழுப் புத்துக்குளி (தோடர் போர்த்தும் பெரிய சால்வை) கையால் தைத்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். சிறிய சால்வையோ மேசை விரிப்போ என்றால் சமாளிக்கலாம். கடைகளில் அதே சிவப்பு கறுப்புக் கோலத்தை மெஷினில் அடித்து விற்பதும் உண்டு. துணியைப் புரட்டிப் பாருங்கள்; கைவேலையென்றால் நூலை எண்ணித் தைத்ததன் சிறு ஏற்றத்தாழ்வு தெரியும்.

நீலகிரித் தைலம், டீத்தூள், சாக்லேட் பை வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டருக்குத் தைலம் கொடுப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, அவ்வளவுதான்.

தேதி, பாதை, உடல்நிலை

ஜூலை 1 தேசிய மருத்துவர் நாள், மேற்கு வங்க முதல்வராக இருந்த டாக்டர் பி.சி. ராயின் பிறந்த நாளும் நினைவு நாளும் அதுவே. பேச்சுக்குப் பொருத்தமாக இருக்கும், ஆனால் ஊட்டிக்கும் கூடலூருக்கும் அது தென்மேற்குப் பருவமழை நேரம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் மண்சரிவு. ஏப்ரல், மே சீசன். அறை கிடைக்காது, சாலை நகராது. மேலும் 2024 மே முதல் வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது. 2025 சீசனில் வார நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை கடும் உறைபனி. எஞ்சியது ஜனவரி மூன்றாம் வாரம் முதல் மார்ச் நடுவரை. அதில் ஒரு சனிக்கிழமை. ஞாயிறு வைத்தால் சமவெளியிலிருந்து வந்தவர்கள் திங்கள் ஓ.பி.க்குத் திரும்பும் அவசரத்தில் பாதியில் எழுந்துவிடுவார்கள்.

காலை 10.30க்குத் தொடங்கி மதியம் 1 மணிக்குள் முடியுங்கள். அதற்கு முன் மண்டபம் ஐஸாக இருக்கும். நான்கு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் வயதானவர்களை மலைப்பாதையில் அனுப்புவது சரியல்ல. மைசூர் வழியாக வருபவர்களிடம் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கௌரவம் பெறுபவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். மேட்டுப்பாளையத்தில் 300 மீட்டர் சொச்சம் உயரம், ஊட்டியில் 2,240 மீட்டர். இதய, நுரையீரல் தொல்லை இருப்பவருக்கு மூச்சு வாங்கும். முந்தின நாள் மதியமே வந்து தங்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். தரைத்தள அறை, ஹீட்டர், அறைக்குள்ளேயே கழிப்பறை. மேடைப் படிக்குக் கைப்பிடி கட்டாயம். இல்லையென்றால் அவரை ஏறவைக்காமல், முதல் வரிசைக்கு இறங்கிவந்து கொடுங்கள். படத்திலும் அது அழகாகவே இருக்கும். அரங்கில் இத்தனை டாக்டர் இருக்கிறார்களே என்று ஆம்புலன்ஸை விட்டுவிடாதீர்கள். டாக்டர்கள் இருப்பார்கள், ஆக்சிஜன் சிலிண்டர் இருக்காது.

தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பூசிய தட்டு, கப், பொக்கே சுற்றும் தாள் எல்லாம் மாவட்டத்தில் தடை. பாட்டிலோடு வரும் வண்டிகளைச் சோதனைச்சாவடியில் நிறுத்துவார்கள் என்பதால் அழைப்பிதழிலேயே ஒரு வரி போடுங்கள். மண்டபத்தில் எவர்சில்வர் டம்ளர், வாழையிலை. பிளெக்ஸுக்குப் பதில் துணிப் பேனர். மேடைக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று போதும்.

மேடை

தமிழ்த்தாய் வாழ்த்து, 55 விநாடி, எல்லோரும் எழுந்து நின்று. 2021 டிசம்பர் முதல் அது மாநிலப் பாடல். ஒலிப்பதிவை ஓடவிடுவதைவிடக் கல்லூரி மாணவர்கள் பாடுவது முறை. வரவேற்புரை 5 நிமிடம். பிறகு நேராக விருது. சிறப்பு விருந்தினர் பேச்சை முன்னால் வைத்தால் அது 12 நிமிடத்திலிருந்து 40 ஆகும். விருதுகள் பசி நேரத்துக்குத் தள்ளப்படும். ஒருவருக்கு 6 நிமிடம்: மடல் வாசிப்பு ஒன்றரை, வழங்குதலும் படமும் ஒன்றரை, ஏற்புரை மூன்று. ஐந்து பேருக்கு அரைமணி. ஏற்புரையில் இரண்டு வரி படுகு மொழியில் பேச விரும்பினால் பேசட்டும். நேரம் போனாலும் பரவாயில்லை. கலெக்டரோ அமைச்சரோ தாமதமானால் 15 நிமிடத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். அவர் வரும்போது நடக்கிற இடத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

மடலை வாசிப்பவர் அந்த ஊர்ப்பெயர்களையும் மருத்துவச் சொற்களையும் முந்தின நாளே உரக்க வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். மாணவர் ஒருவர் வாசித்தால் நல்லது. மின்தடைக்கு ஜெனரேட்டர், கம்பியில்லா மைக்குக்கு மாற்று பேட்டரி, அதோடு கம்பியுள்ள மைக் ஒன்று. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

பணம்

மருந்து நிறுவனம், ஸ்கேன் சென்டர், உபகரணக் கம்பெனி ஆகியவற்றிடம் நன்கொடை வாங்காதீர்கள். மருத்துவ நன்னடத்தை விதிகளில் 2009இல் சேர்ந்த திருத்தத்தின்படி அவர்களிடமிருந்து பரிசு, பயணச்செலவு, தங்கும் வசதி வாங்க மருத்துவருக்கு அனுமதி இல்லை. உங்கள் சால்வைக்கும் அறைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேள்வி எழுந்தால் மாட்டிக்கொள்வது விருந்தினர். இங்கிலாந்து, அமெரிக்காவில் இருக்கும் முன்னாள் மாணவர் பணம் அனுப்ப முன்வந்தால் அவருடைய பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். இந்தியக் குடியுரிமை இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு இல்லாத சங்கம் அதைத் தொடவே கூடாது. நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை தரும் பதிவு (80ஜி) உள்ள சங்கம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதை ரசீதிலேயே சொல்லிவிடட்டும்.

விழா முடிந்த வாரம்

மடலின் பிரதி, சரிபார்த்த ஆவணங்கள், குழுவின் மதிப்பெண் தாள், வருகைப் பதிவு, படங்கள் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக ஒரே கோப்பில் போட்டுக் கல்லூரி நூலகத்தில் ஒன்று, சங்கத்தில் ஒன்று வையுங்கள். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் அமைப்பிடம் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கு இதையே காட்டலாம். தேர்வாகாத பரிந்துரைகளைத் தூக்கிப்போடாதீர்கள். அடுத்த இரண்டு ஆண்டுக்கு அவை செல்லும் என்று பரிந்துரைத்தவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அதே பெயர் அதே படிவத்தில் மறுபடி வரும், அல்லது வராமலே போய்விடும். கல்லூரியில் வைக்கும் பெயர்ப்பலகையை ஒவ்வொரு வருடமும் புதிதாகச் செய்யாமல், இருபது வருடத்துக்கு இடம் விட்டு ஒரே எஃகுப் பலகையாகச் செய்து, பெயர்த் தகடுகளைத் திருகாணியால் பொருத்துங்கள். மழை நேரடியாக அடிக்கும் தாழ்வாரச் சுவரில் வேண்டாம். உள்கூடத்தில், சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி மாட்டினால் பின்னால் காற்றோடும், சுவரின் ஈரம் ஏறாது.